உளவியலாளரின் தொழிற்பங்கும் தனிவாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலோசனைக்கு வருபவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள், உறவினர்கள் உரிமையோடு கேட்கும் கேள்விகள், உளவியல் மாணவர்கள் பயிற்சிக் காலத்தில் எழுப்பும் கேள்விகள் ஆகியவற்றைத் தொகுத்து இங்கே பதிலளித்திருக்கிறேன். தமிழ்நாட்டின் நடுத்தர நகரம் ஒன்றில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுவதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்குள்ள வாழ்க்கையிலிருந்து வருகின்றன. நெறிமுறை என்று வரும்போது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைக் கோவையையும் சுட்டியிருக்கிறேன். 1953இல் முதன்முதலாக வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்ட அந்தக் கோவை, தொழிலையும் தனிவாழ்க்கையையும் பிரிக்கும் கோட்டை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதே உளவியலாளர் எதிரில் இருப்பவரின் மனத்தைப் படித்துவிடுவாரா?

முடியாது. ஒருவருடைய மனநிலையைப் பற்றித் தொழில்முறையில் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டுமானால், அவருடன் தனியாக அமர்ந்து விரிவாகப் பேச வேண்டும். சிக்கல் எப்போது தொடங்கியது, உறக்கமும் பசியும் வேலையும் எப்படி மாறின, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இதுபோல் இருந்ததா என்பதையெல்லாம் கேட்டறிய வேண்டும். தேவைப்பட்டால் முறையான சோதனைகளை நடத்தி, உடன் வாழ்பவர்களிடமும் விசாரிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பல நேரங்களில் ‘இப்படி இருக்கலாம்’ என்ற அளவில்தான் முதல் முடிவு அமைகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருப்பவரைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வர எந்த அடிப்படையும் இல்லை.

அதற்காக, பயிற்சி பெற்ற கண் எதையுமே கவனிப்பதில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. வழக்கமாகக் கலகலப்பாக இருக்கும் பெரியப்பா ஒரே கதையை அரைமணி நேரத்தில் மூன்றாம் முறை சொல்கிறார் என்றால் அது கண்ணில் படத்தான் செய்யும். கவனிப்பது வேறு, முடிவு கட்டுவது வேறு, அந்த முடிவை வாய்விட்டுச் சொல்வது வேறு. முதலாவதை நிறுத்த முடியாது. மற்ற இரண்டையும் நிறுத்தி வைக்க முடியும், நிறுத்தி வைக்கவும் வேண்டும்.

தொழிற்பங்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

இடமும் நேரமும் இதற்கு முழுமையான விடை ஆவதில்லை. ஒருவர் உதவி கேட்டு வருகிறார், என்ன செய்யப் போகிறோம், எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க முடியாது, கட்டணம் எவ்வளவு என்பதை எடுத்துச் சொல்கிறோம், அவர் ஒப்புக்கொள்கிறார், குறிப்பேட்டில் பதிவு தொடங்குகிறது, அவருடைய நலனுக்கு நாம் பொறுப்பேற்கிறோம். இந்த ஒப்புதலும் பொறுப்பும் சேர்ந்ததுதான் தொழிற்பங்கு. அரசு மருத்துவமனையில் கட்டணமே இல்லாமல் நடந்தாலும் இது இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் மணிக்கணக்கில் பேசினாலும் இவை இல்லையென்றால் அது தொழில் அல்ல.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் கோவை, உளவியலாளர் தம் அறிவியல், கல்வி, தொழில் பங்குகளில் செய்யும் செயல்களுக்கே அது பொருந்தும் என்றும், முற்றிலும் தனிப்பட்ட நடத்தை அதன் வரம்புக்குள் வராது என்றும் முன்னுரையிலேயே சொல்கிறது. இதைப் படிக்கும் மாணவர் சிலர், வெளியே எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறான வாசிப்பு. பெருங்குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டவர் மீதும், தொழில் உரிமத்தை இழந்தவர் மீதும் சங்கம் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே முன்னுரை இடம் வைத்திருக்கிறது. நாட்டின் சட்டமோ எல்லோரையும் போல உளவியலாளரையும் கட்டுப்படுத்துகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. குடும்பக் கூட்டத்தில் சொத்துப் பிரிவினை பற்றிப் பேச்சு வரும்போது, ‘ஒரு சைக்காலஜிஸ்ட்டா சொல்றேன், இந்தப் பொண்ணுக்கு முடிவெடுக்கிற நிலை இல்லை’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த நொடியிலேயே அவர் தொழிலுக்குள் நுழைந்துவிடுகிறார். ஒப்புதலும் இல்லை, பரிசோதனையும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆனால் பட்டத்தின் எடை மட்டும் அந்தப் பெண்ணின் தலைமேல் விழுகிறது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் மருத்துவ உளவியலாளராகத் தொழில் நடத்தலாம். அந்தப் பதிவு தரும் மதிப்பு உதவி கேட்டு வருபவருக்காகத் தரப்பட்டது. அதை வீட்டு வழக்கில் ஒரு தரப்பின் ஆயுதமாக்க யாருக்கும் உரிமையில்லை.

சொந்தக்காரர்களுக்கு ஏன் சிகிச்சை தர மறுக்கிறார்கள்? வீட்டில் ஒருவர் படித்திருப்பதால் என்ன பயன்?

எல்லாக் கேள்விகளிலும் அதிக மனக்கசப்பை உண்டாக்குவது இதுதான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் மகனைப் பற்றி அண்ணி வந்து, ‘நம்ம பையன்தானே, நீயே பேசிப் பாரேன், வெளியில போனா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்’ என்கிறார். மறுத்தால் மனம் கல்லாகிவிட்டது என்று பொருள்படுகிறது. மறுப்பதற்கான காரணங்களைப் பொறுமையாக எடுத்துச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

முதலாவது, அந்தப் பையன் என்னிடம் எதைச் சொல்வான்? அவனுடைய அப்பா என் அண்ணன். அப்பாவின் மீது அவனுக்கு இருக்கும் கோபத்தை, நான் தீபாவளிக்கு அதே அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன் என்று தெரிந்துகொண்டே அவன் என் முன் வைக்க முடியாது. இரண்டாவது, எனக்கு அவனைப் பற்றி ஏற்கெனவே ஒரு கதை தெரியும். அந்தக் கதையைக் குடும்பம் எழுதியிருக்கிறது, அதில் எனக்கும் ஒரு வேடம் இருக்கிறது. புதிதாகக் கேட்க வேண்டிய காதை அது அடைத்துவிடும். மூன்றாவது, சிகிச்சை பலனளிக்கவில்லையென்றால் வேறொருவரிடம் போகும் சுதந்திரம் அவனுக்கு இருக்க வேண்டும். சித்தப்பாவை மாற்றிக்கொள்ள முடியுமா? நான்காவது, ரகசியம். அவன் சொன்னதை நான் யாரிடமும் சொல்லாவிட்டாலும், சொல்லியிருப்பேனோ என்ற சந்தேகமே அவனுக்குப் போதுமான துன்பம்.

அடிமனத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டு, மருத்துவர் அறுவை மருத்துவரைப் போலத் தம் உணர்ச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பணியாற்ற வேண்டும் என்று 1912இல் எழுதினார். அவரே 1918இல் தம் மகள் அன்னாவுக்கு உளப்பகுப்பாய்வு செய்யத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இதற்கான விதிகள் உறுதிப்பட்டிருக்கவில்லை. வேறு முன்னோடிகளும் தம் பிள்ளைகளைப் பகுத்தாய்ந்தார்கள். அன்னா பின்னாளில் புகழ்பெற்ற குழந்தை உளப்பகுப்பாய்வாளரானார் என்பதால் அந்த ஏற்பாடு சரியாகிவிடவில்லை. தந்தையைப் பற்றிய ஏக்கத்தையும் அச்சத்தையும் ஒரு மகள் அந்தத் தந்தையிடமே அவிழ்த்து வைப்பது எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்பதை எண்ணும்போது, இன்றைய விதியின் தேவை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அப்படியானால் வீட்டில் படித்தவரால் என்னதான் பயன்? நிறைய இருக்கிறது. எந்த மாதிரி உதவி தேவை, அதற்கு மனநல மருத்துவரிடம் போக வேண்டுமா, உளவியலாளரிடம் போக வேண்டுமா என்று வழிகாட்டலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் சேவையைச் சொல்லலாம். கூடவே போய் வெளியே உட்கார்ந்திருக்கலாம். முதல் நாள் பையனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லலாம். இவையெல்லாம் சித்தப்பாவாகச் செய்யும் வேலைகள். அவற்றில் குறை வைக்கக் கூடாது.

சான்றிதழ் மட்டும் கேட்டால்?

அதற்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக. அறிவுசார் குறைபாட்டுக்கான மதிப்பீடு, குடும்ப நீதிமன்றத்தில் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பது குறித்த அறிக்கை, வேலைக்கான தகுதிச் சோதனை ஆகியவற்றில் உளவியலாளரின் கையெழுத்து பிறருடைய உரிமைகளைத் தீர்மானிக்கிறது. உறவினருக்காக எழுதப்பட்ட அறிக்கை முழுக்க நேர்மையானதாகவே இருந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது மதிப்பிழந்துவிடும். பாதிக்கப்படுவது அந்த உறவினர்தான்.

சிறிய ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அங்கே இந்தப் பிரிவினை நடக்கக்கூடியதா?

பெருநகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகளை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மை. எங்கள் ஊரில் மளிகைக் கடைக்காரர், பிள்ளையின் வகுப்பாசிரியர், வங்கி ஊழியர், கோயில் அறங்காவலர் ஆகியோரில் யார் வேண்டுமானாலும் நாளை என் அறைக்கு வரலாம். எல்லோரையும் மறுத்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்து ஏற வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே உதவி கிடைக்கும். வசதியற்றவரைக் கைவிட்டுவிட்டு நெறிமுறையைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நெறிமுறைக் கோவையும் அப்படிக் கேட்கவில்லை. ஒரே மனிதரோடு தொழில் உறவும் வேறு உறவும் சேர்ந்திருப்பதைப் பன்முக உறவு என்கிறோம். உளவியலாளரின் நடுநிலையையும் திறமையையும் கெடுக்கக்கூடிய அல்லது எதிரிலிருப்பவரைச் சுரண்டவோ காயப்படுத்தவோ வழி செய்யக்கூடிய பன்முக உறவைத்தான் அது தடுக்கிறது. அத்தகைய ஆபத்தை நியாயமாக எதிர்பார்க்க முடியாத உறவு நெறிமீறல் ஆகாது என்றும் தனியாகக் குறிப்பிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தாமஸ் குத்தைல், க்ளென் கப்பார்டு ஆகிய இருவரும் 1993இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லையைத் தாண்டுவது வேறு, எல்லையை மீறித் தீங்கு செய்வது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அழுதுகொண்டே படியில் தடுமாறும் மூதாட்டியின் கையைப் பிடிப்பது முதல் வகை. ஆலோசனை பெறுபவரிடம் கடன் கேட்பது இரண்டாம் வகை.

மளிகைக் கடைக்காரர் வந்தால் நான் சந்திப்பேன். முதல் அமர்விலேயே, கடைக்கு நான் தொடர்ந்து வரலாமா, வேறு கடைக்குப் போவது அவருக்கு ஆறுதலாக இருக்குமா என்று கேட்பேன். கடையில் கடன் கணக்கு வைத்திருந்தால் அன்றே தீர்த்துவிடுவேன். பிள்ளையின் வகுப்பாசிரியர் வந்தால் நிலைமை வேறு: என் பிள்ளையின் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது, அவருடைய ரகசியம் என் கையில் இருக்கும். இருவரும் சுதந்திரமாகப் பேச முடியாது. அவசர நிலை இல்லையென்றால் வேறொருவரிடம் அனுப்புவேன்; அவசரமென்றால் மாற்று ஏற்பாடு கிடைக்கும் வரை மட்டும் பார்ப்பேன். இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. ஒரே விதியை எல்லோருக்கும் நீட்டுவது சோம்பலே தவிர நேர்மை ஆகாது.

கடைத்தெருவில் எதிரே வந்த உளவியலாளர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டாரே, ஏன்?

உங்களைக் காப்பதற்காக. உங்களோடு உங்கள் மாமியாரோ அலுவலக நண்பரோ இருக்கலாம். நான் வணக்கம் சொன்னால், ‘இவரை எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் முதலில் சிரித்தால் நானும் சிரிப்பேன். நீங்கள் பேசினால் மழையைப் பற்றிப் பேசுவேன். அமர்வில் பேசியதை நான் வெளியே தொடங்க மாட்டேன். தமிழ்ப் பழக்கத்தில் தெரிந்தவரைப் பார்த்து முகம் திருப்புவது அவமதிப்பாகும் என்பதால், இதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும் என்று பயிற்சி மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். சொல்லாமல் விட்டால் வந்தவர் தன்னைக் குறித்துத்தான் வெட்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். மனநோயைப் பற்றி ஊர் ஏற்கெனவே அவருக்குள் விதைத்திருக்கும் அவமானத்தை நாமே தண்ணீர் ஊற்றி வளர்த்ததாகிவிடும்.

உளவியலாளரிடம் ‘எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்கலாமா? அக்கா, அண்ணா என்று அழைக்கலாமா?

கேட்கலாம். படிப்பு, பதிவு, அனுபவம் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை. அவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு எவ்வளவு சொல்வது என்பது உளவியலாளரின் தீர்மானம். சொல்லும் தகவல் வந்தவருக்கு உதவுமா, அல்லது அமர்வின் நேரத்தை உளவியலாளரின் கதை தின்றுவிடுமா என்பதே அளவுகோல்.

‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்ற விசாரிப்பு நம் நாட்டில் பல நேரங்களில் சாதியை நோக்கிப் போகிறது என்பதை மறைத்துப் பயனில்லை. வீட்டை எதிர்த்து வேறு சாதியில் மணம் செய்துகொண்ட ஒரு பெண் இதைக் கேட்டால், ‘நீங்கள் என் அப்பா பக்கமா?’ என்ற அச்சம்தான் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அவளுக்கு என் சாதியைச் சொல்வது விடை ஆகாது. சொன்ன எதுவும் அவளுடைய குடும்பத்துக்குப் போகாது என்ற உறுதிதான் அவளுக்கு வேண்டும். அந்த உறுதியை நேராகச் சொல்லி, அவளுடைய அச்சத்தைப் பற்றிப் பேச இடம் கொடுக்க வேண்டும். அதே நேரம், தலித் சமூகத்திலிருந்து வரும் ஒருவர், தன் அனுபவத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரை நாடி இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அங்கே வெறும் மௌனம் இன்னொரு கதவடைப்பாகிவிடும்.

அழைக்கும் முறை பற்றிய கட்டுப்பாடு தேவையில்லை. சார், மேடம், அக்கா, தம்பி என்று வருபவருக்கு இயல்பாக வாயில் வருவதை மாற்றச் சொல்வது வீண் கடுமை. அக்கா என்று அழைக்கப்படுபவர், அக்காவுக்குரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ‘நான் சொன்னதைக் கேள்’ என்று நடத்தத் தொடங்கும்போதுதான் தவறு நேர்கிறது.

கல்யாணப் பத்திரிகையும் பழக்கூடையும் கொண்டுவந்தால்?

வீட்டுத் தோட்டத்து மாம்பழத்தை மறுத்துக் கொடுத்தவரைக் கூனிக்குறுக வைக்க வேண்டியதில்லை. பட்டுச் சேலை, தங்கக் காசு, வேலை சிபாரிசு ஆகியவற்றை ஏற்கக் கூடாது. திருமண அழைப்புக்கு மனமார வாழ்த்துச் சொல்லிவிட்டு, போவதா வேண்டாமா என்பதை அழைத்தவரோடு பேசியே முடிவு செய்வது நல்லது. மேடையில் நான் நிற்கும் புகைப்படம் அவருக்குப் பின்னாளில் சங்கடம் தருமா என்பதை அவர்தான் அறிவார்.

எங்கள் கதையைத் தம் கணவரிடமோ மனைவியிடமோ சொல்வாரா?

சொல்லக் கூடாது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில் ரகசியத்தை மனநோய் உள்ளவரின் உரிமையாகவும், சிகிச்சை அளிப்போரின் கடமையாகவும் எழுதியிருக்கிறது. பிறருக்கு நேரவிருக்கும் தீங்கைத் தடுப்பது, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. வாழ்க்கைத் துணையிடம் மனப்பாரத்தை இறக்கி வைப்பது அந்த விலக்குகளில் இல்லை. பெயரைச் சொல்லாமல் சொன்னால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பெயரில்லாத கதையை நம் ஊரில் இரண்டே கேள்விகளில் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘இன்று மனம் கனமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்’ என்று வீட்டில் சொல்லலாம். கனத்தின் காரணத்தை, நம் பணிக்கு வழிகாட்டும் தொழில் மேற்பார்வையாளரிடம், தேவையான அளவுக்கு மட்டும், ஆளை அடையாளம் காட்டாமல் சொல்லலாம். அதற்கான இடம் அதுதான்.

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் ஏன் பதில் வருவதில்லை?

தொழிலுக்கென்று தனி எண் வைத்திருப்பதும், அதைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு அணைத்துவிடுவதும் அக்கறையின்மை அல்ல. எந்த நேரமும் கிடைப்பேன் என்று வாக்குறுதி தந்துவிட்டு, ஒருநாள் மகளின் காய்ச்சலால் பதில் சொல்ல முடியாமல் போனால், அதை நம்பியிருந்தவருக்கு அது பேரிழப்பு. காப்பாற்றக்கூடிய வாக்கை மட்டும் தர வேண்டும். நெருக்கடி நேரத்துக்கு இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தச் சேவையில் தமிழிலும் பேசலாம். முகநூல் நட்பு அழைப்பையும் இதே காரணத்தால் ஏற்பதில்லை. என் குடும்பப் படங்களைப் பார்த்த பிறகு தம் குடும்பத்தைப் பற்றி என்னிடம் பேசத் தயங்குபவர்கள் உண்டு.

வீட்டுச் சண்டையில் உளவியலாளர் தம் படிப்பைப் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் ஓர் உளவியலாளரின் மனைவி. ‘நான் கோபப்பட்டால், உன் சின்ன வயசுப் பிரச்சினையை என் மேல காட்டுறேங்கிறார், அதுக்கு மேல நான் என்ன பேசுறது?’ என்றார். அவருடைய வருத்தம் முற்றிலும் நியாயமானது. சமையலறையில் நடக்கும் வாக்குவாதத்தில் ஒருவர் மட்டும் மற்றவரின் மனத்தை விளக்கும் உரிமையை எடுத்துக்கொண்டால் அங்கே சண்டைகூடச் சமமாக நடப்பதில்லை. மனைவியின் கோபத்துக்கு, வாங்கி வருவதாகச் சொல்லி வாங்கி வராத சிலிண்டர் காரணமாக இருக்கலாம். அதைக் கேட்காமல் அவருடைய குழந்தைப் பருவத்துக்குப் போவது, தன் தவற்றிலிருந்து தப்பிக்கப் படிப்பைப் பயன்படுத்துவதாகும்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் பாதிக்கும். ஒவ்வொரு அழுகைக்கும் அடத்துக்கும் பெயர் சூட்டப்படும் வீட்டில் வளரும் குழந்தை, தன்னை யாரோ எப்போதும் பரிசோதிக்கிறார்கள் என்ற உணர்வோடு வளர்கிறது. அதற்கு வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். உரக்கப் பேசாமல் கேட்பது, பேச்சின் நடுவே வெட்டாமல் இருப்பது, மன்னிப்புக் கேட்பது ஆகியவற்றை உளவியல் நமக்குக் கற்றுத் தந்திருந்தால் தாராளமாக வீட்டில் பயன்படுத்தலாம். நம்மைத் திருத்தும் படிப்புக்கு வீட்டில் இடமுண்டு, மற்றவரை எடைபோடும் படிப்புக்கு இல்லை.

தம் வாழ்க்கையிலேயே மணமுறிவு, மனச்சோர்வு என்று இருப்பவரிடம் ஆலோசனைக்குப் போகலாமா?

போகலாம். இதய மருத்துவருக்கு மாரடைப்பு வருவதில்லையா என்று மக்களே பதில் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உளவியலாளருக்கும் துக்கம் வரும், திருமணம் முறியும், தூக்கம் கெடும். அவை தனிவாழ்க்கை. அவை வேலையைப் பாதிக்கத் தொடங்கும்போதுதான் தொழில்நெறி குறுக்கிடுகிறது: தம் சொந்தச் சிக்கலால் பணியைத் திறம்படச் செய்ய முடியாமல் போகும் என்று தெரிந்தால் அந்தப் பணியைத் தொடங்கக் கூடாது, இடையில் தெரியவந்தால் தக்க உதவியை நாடிப் பணியைக் குறைத்துக்கொள்ளவோ நிறுத்தவோ வேண்டும் என்று நெறிமுறைக் கோவை சொல்கிறது. தாயை இழந்த சில வாரங்களில், தாயை இழந்த இன்னொருவரின் கதையைக் கேட்டு உளவியலாளர் தம் கண்ணீரோடு போராடிக்கொண்டிருந்தால் வந்தவரை யார் கவனிப்பது?

உளவியலாளர்கள் உதவி நாடத் தயங்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஊருக்கெல்லாம் ‘உதவி கேட்பதில் வெட்கமில்லை’ என்று சொல்பவர்கள், தமக்கென்று வரும்போது பக்கத்து மாவட்டத்து மருத்துவரிடம்கூடப் போகாமல் சகித்துக்கொள்கிறார்கள். இளைய தலைமுறைக்கு இதை மாற்றும் பொறுப்பு இருக்கிறது.

தொலைக்காட்சியில் நடிகர், அரசியல்வாதி ஆகியோரின் மனநிலையை அலசுகிறார்களே, அது சரியா?

சரியில்லை. 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டபோது, ‘ஃபேக்ட்’ என்ற இதழ் 12,356 மனநல மருத்துவர்களிடம் அவர் அதிபர் பதவிக்கு உளவியல் ரீதியாகத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதிலளித்தார்கள். அவர்களில் 1,189 பேர் தகுதியற்றவர் என்றார்கள். சந்தித்துப் பரிசோதிக்காத ஒரு மனிதரைப் பற்றி நோய்ப் பெயர்களையே எழுதி அனுப்பியவர்களும் இருந்தார்கள். கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து வென்றார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காமலும் உரிய ஒப்புதல் பெறாமலும் பொதுவாழ்வில் உள்ளவரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்வது நெறியல்ல என்று விதி வகுத்தது.

ஒரு குடிமகனாக, அரசியல்வாதியின் கொள்கையைத் தாக்கலாம், வாக்களிக்க மறுக்கலாம், தெருவில் நின்று முழங்கலாம். அங்கே பட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நம் ஊடகங்களில், ஒரு நடிகை இறந்த அன்று மாலையே அவருடைய மனநோய் என்ன என்று ஒருவர் பெயருக்குப் பின்னால் பட்டத்தோடு அமர்ந்து விளக்குவதைப் பார்க்கும்போது, அதே நோயோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரை நினைத்து எனக்கு வேதனையாக இருக்கிறது.

நண்பர் ஒருவர் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று சொன்னால், ‘நான் உன் உளவியலாளர் இல்லை’ என்று சொல்லிவிடுவாரா?

ஒருபோதும் இல்லை. எல்லை என்பது மனிதரைக் கைவிடுவதற்கான சாக்கு ஆகாது. அந்த இடத்தில் நண்பராக உட்கார்ந்து முழுக்கக் கேட்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். தனியாக விடக் கூடாது. ஆபத்துக்குரிய பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும். 14416ஐயோ தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண்ணான 104ஐயோ அழைக்க வேண்டும், அல்லது மருத்துவமனைக்கு உடன் செல்ல வேண்டும். இவற்றைச் செய்ய உளவியல் பட்டம்கூடத் தேவையில்லை. தொடர் சிகிச்சையை மட்டும் வேறொருவர் ஏற்க வேண்டும்.

குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையும் இப்படித்தான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அறைக்குள் கேட்டாலும், சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் கேட்டாலும் கடமை ஒன்றே.

ஆலோசனை பெற்றவரும் உளவியலாளரும் காதலிக்கலாமா?

சிகிச்சைக் காலத்தில் எந்தச் சூழலிலும் கூடாது. சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் வரை பாலியல் உறவு கூடாது என்றும், அதற்குப் பிறகும் மிக அரிதான சூழலில் மட்டுமே, சுரண்டல் இல்லை என்பதை உளவியலாளரே நிறுவும் பொறுப்போடு என்றும் அமெரிக்கக் கோவை கூறுகிறது. என் கருத்தில் இரண்டு ஆண்டுகளும் போதாது. தன் வாழ்வின் மிக உடைந்த நேரத்தை ஒருவர் ஒப்படைத்த இடம் அது. மற்றவர் தம்மைப் பற்றி எதையுமே ஒப்படைக்கவில்லை. இந்தச் சமமின்மைக்குக் காலாவதி தேதி இருப்பதாக நான் நம்பவில்லை. உங்களுக்கு அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் தவறு உங்களுடையது அல்ல. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர் என்றால் அங்கே புகார் அளிக்கலாம், காவல்துறையையும் நாடலாம்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் உளவியலாளர். நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

விசேஷங்களில் அவரை ஒரு மூலைக்கு அழைத்துச் சென்று யாருடைய கதையையும் அவிழ்க்காதீர்கள். அவர் தங்கையாகவோ மருமகளாகவோ வந்திருக்கிறார். அன்று முழுவதும் அப்படியே இருக்க விடுங்கள். அவர் கோபப்பட்டால் ‘நீயே இப்படிக் கோபப்படலாமா’ என்று கேட்காதீர்கள். உண்மையிலேயே யாருக்காவது உதவி தேவையென்றால், அடுத்த நாள் அழைத்து, யாரிடம் போகலாம் என்று ஒரு வரியில் கேளுங்கள். தகுதியானவரின் பெயரையும் எண்ணையும் அவர் அனுப்பிவிடுவார். மாலையில் அவர் வீடு திரும்பியதும் வாசலிலேயே பேச்சைத் தொடங்காமல், குளித்துச் சாப்பிடும் வரை அவகாசம் கொடுங்கள். அன்று யாரைப் பார்த்தார், என்ன கேட்டார் என்று மட்டும் ஒருபோதும் விசாரிக்காதீர்கள்.